பூவைப் பார்த்த கையும் பூவைக் கற்ற கையும்

நகையைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. கவிதைத் தொகுதியொன்றையோ சிறுகதைத் தொகுதியொன்றையோ எடுத்து நாலு நல்லதும் நாலு கெட்டதும் சொல்லிப் பழகிய கை இது. எங்கள் வட்டத்தில் நகை சீதனப் பேச்சில் வரும். ஸகாத் கணக்கில் வரும். சிறுகதையில் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பாமல் நிற்கும். நகையை ஒரு படைப்பாக எடுத்து, அதைச் செய்தவன் எதைப் பார்த்தான், எதை விட்டான் என்று கேட்டவர்கள் நம்மில் மிகக் குறைவு. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டி வந்தது. அதற்கான காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒரு சிறு மண்டபத்தில் இளம் வடிவமைப்பாளர்கள் சிலர் தமது கைவேலை நகைகளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். மகள்தான் என்னைக் கூட்டிச் சென்றாள். இயற்கையில் காணும் மேற்பரப்புகளும் கோலங்களுமே அங்கு பொருள். அரசிலையின் நரம்பு, பலாமரப் பட்டையின் வெடிப்பு, தேன்கூட்டின் அறைகள், மீனின் செதில், கடல் பின்வாங்கிய மணலில் கிடக்கும் வரிகள். விலைச்சீட்டுகளைப் பார்த்து நான் ஒதுங்கித்தான் நின்றேன். ஆனாலும் கண் ஒதுங்கவில்லை.

முதல் கண்ணாடிப் பெட்டியில் ஓர் அரசிலை. தங்கநிறத்தில் மின்னியது. இலைபோலச் செய்ததல்ல, இலையேதான். உண்மையான இலைக்கு அரக்குப் பூசி, மின்சாரம் கடத்தும் மை தடவி, மயில்துத்தக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மணிக்கணக்கில் செம்பு மெல்லமெல்ல அதன்மேல் படியும். பிறகு மேலே தங்க முலாம். நரம்பு, பூச்சி கடித்த ஓட்டை, ஓரத்தின் சுருக்கம் எல்லாமே அப்படியே இருந்தன. கீழேயிருந்த குறிப்பு, இதைவிட இயற்கைக்கு அருகில் எந்த நகையும் போக முடியாது என்ற தோரணையில் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் குறிப்போடுதான் எனக்குத் தகராறு. வேலையில் நுட்பம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இலையில் செய்தவருடைய தீர்மானம் எங்கே இருக்கிறது? எந்த நரம்பு முக்கியம், எது முக்கியமில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. மின்சாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பாய்ந்தது. இறந்தவரின் முகத்தில் எடுத்த மெழுகு அச்சு அவரின் சாயலை முழுதாகத் தரும். ஆனால் அவர் சிரித்தால் எப்படியிருப்பார் என்று சொல்லாது. நமது சிறுகதைகள் சிலவற்றிலும் இந்த வியாதி உண்டு. சந்தைப் பேச்சை அப்படியே ஒலிப்பதிவு செய்து, ஊர்ச்சண்டையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு யதார்த்தம் என்கிறோம். அங்கேயும் பூச்சி கடித்த ஓட்டைவரை எல்லாம் இருக்கும். எழுதியவர் மட்டும் இருக்கமாட்டார்.

அப்படியானால் இயற்கையை நகைக்குள் கொண்டுவருவது என்றால் என்ன? இதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளை முன்வைத்து யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று பிரான்சிலிருந்து வருவது. மற்றது கண்டியிலிருந்து.

ரெனே லாலிக் 1860ஆம் ஆண்டு பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்தில் ஆய் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தகப்பன் இறந்துபோக 1876இல், பதினாறு வயதில், பாரிஸ் நகரின் லூயி ஓகொக் என்ற பொற்கொல்லரிடம் வேலை பழகப் போனார். சிலகாலம் லண்டனில் படித்தார். திரும்பி வந்து பெரிய நகை நிறுவனங்களுக்கு வரைந்து கொடுத்தார். 1885இல் சொந்தப் பட்டறைக்காரரானார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சி அவரை உச்சியில் ஏற்றியது. அவர் அப்படி என்னதான் செய்தார்? அந்நாளைய பாரிஸில் நகையென்றால் வைரம். எத்தனை கல், எத்தனை கரட் என்பதே பேச்சு. லாலிக் மாட்டுக்கொம்பை எடுத்தார், கண்ணாடியை எடுத்தார், எனாமலை எடுத்தார். கொம்பைச் செதுக்கித் தலைச்சீப்பாக்கினார். வைரத்தை வைத்தாலும் பனித்துளிபோல ஓரத்தில் வைத்தார். பொருளின் விலையிலிருந்து நகையின் மதிப்பைப் பிரித்தெடுத்தார் என்பதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

அவர் பார்த்த இயற்கையும் வேறானது. ரோசாவும் லில்லியும் மாத்திரம் அவருக்குப் போதவில்லை. முட்செடியைப் பார்த்தார். குளவியையும் வண்டையும் பார்த்தார். காய்ந்து சுருண்ட இலையை, விதை வெடித்த காயை, பனிக்காலத்து மொட்டை மரத்தைப் பார்த்தார். செடிகளைப் புகைப்படமெடுத்து வைத்துக்கொண்டு வரைந்தார். மலர் மலர்ந்திருக்கும் ஒரு கணத்தை மட்டும் பிடித்து வைப்பதுதான் அழகு என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

அவருடைய வேலைகளில் மிகப் பிரபலமான தும்பிப் பெண்ணை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1897 - 98 அளவில் செய்யப்பட்டது. 23 சென்ரிமீற்றர் நீளம், 26.5 சென்ரிமீற்றர் அகலம். நெஞ்சில் அணியும் நகை என்று சொல்லப்பட்டாலும் அதை அணிந்து ஒருத்தி எப்படி உட்காருவாள் என்று தெரியவில்லை. தும்பியின் உடலிலிருந்து பச்சைக் கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் மேலுடல் எழுகிறது. பக்கத்தில் பறவையின் நகங்கள்போல் பெரிய தங்க நகங்கள். இறக்கைகள் கீல் வைத்து அசையும்படி செய்யப்பட்டவை. நமது மீட்டியாகொட மண்ணிலும் கிடைக்கிற சந்திரகாந்தக் கல் அதில் பதிக்கப்பட்டிருக்கிறது.

இறக்கையைத்தான் நான் நீண்டநேரம் பார்த்தேன். எனாமலுக்குப் பொதுவாகப் பின்னால் உலோகத் தகடு இருக்கும். இதில் இல்லை. தங்கக் கம்பியால் அறைகள் கட்டி, அறைக்குள் எனாமலை உருக்கி நிறுத்தி, பின்தகட்டை நீக்கிவிடுகிறார்கள். வெளிச்சம் ஊடே வரும். தும்பியின் இறக்கையை வெயிலில் பிடித்துப் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் தெரிந்த விடயம் அது. இறக்கை என்பது ஒரு பரப்பு அல்ல, நரம்புகளுக்கிடையே நிற்கும் வெளிச்சம். லாலிக் இறக்கையின் படத்தை எடுக்கவில்லை. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எடுத்தார். அந்த அரசிலைக்கும் இந்த இறக்கைக்கும் உள்ள தூரம் இதுதான்.

இந்த நகையைக் கலூஸ்த் குல்பென்கியன் என்ற ஆர்மீனிய எண்ணெய் வணிகர் வாங்கினார். உஸ்மானியப் பேரரசின் உஸ்குதாரில் பிறந்தவர். லாலிக்கின் படைப்புகளை நூற்றுக்கும் மேலாகச் சேர்த்தார். இன்று அவை லிஸ்பனில், 1969இல் திறக்கப்பட்ட அவரது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அணிவதற்காகச் செய்தது கண்ணாடிக்குள் போய்விட்டது. இதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். தனிமனிதனின் கண் எவ்வளவு கூர்மையாகிறதோ அவ்வளவுக்கு அவனது படைப்பு ஊரின் கழுத்திலிருந்து விலகிப்போகிறது.

இனிக் கண்டிக்கு வருவோம். இங்கே வழிகாட்டியாக எமக்குக் கிடைப்பவர் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. ஒரு தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். தோரியனைற் என்னும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தவரும் அவரே. கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவர் கல்லைப் பதிக்கும் கைகளைக் கண்டார். அதன் விளைவு 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்தில் கையால் அச்சிடப்பட்ட 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய நூலும் கைவேலையாகவே இருக்க வேண்டுமென்று அவர் பிடிவாதமாக நின்றார்.

அந்நூல் காட்டும் கண்டிக் கைவினைஞன் லாலிக்குக்கு நேர் எதிரானவன். அவன் பூவைப் பார்த்து வரையவில்லை. பூவைக் குருவிடம் கற்றான். சிறுவனுக்கு முதற்பாடம் 'வக தெக', அதாவது எதிரெதிரே வளையும் இரட்டை வளைவு. அந்த வளைவு கையில் படிந்த பிறகுதான் கொடி, இதழ், தாமரை எல்லாம். 'லியவெல' என்ற கொடிக்கோலம், 'பலாபெத்தி' என்ற இதழ்வரிசை, 'நெலும் மல' என்ற தாமரை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இலக்கணம் உண்டு. கோயில் சுவரிலும் யானைத்தந்தச் சீப்பிலும் தங்கப் பதக்கத்திலும் அதே கொடி ஓடும். செய்தவன் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யாப்புப் படித்துக்கொண்டு வெண்பாப் பாடிய நம் புலவர்களின் வழி அது.

கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்டி நகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் நமது வாப்புச்சி மரிக்கார் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் உள்ளே இருக்கும் பதக்கங்களின் முன்னால் எத்தனை பேர் நின்றோம்? நின்று பார்த்தால் தெரியும். கற்கள் பெரும்பாலும் பட்டை தீட்டாமல் உருண்டையாகவே வழவழப்பாக்கப்பட்டவை. மினுக்கம் வேண்டாம், நிறமே போதும் என்ற மனம். மயிரிழைக் கம்பியை முறுக்கிச் சுருட்டி ஒட்டிய கொடி. கொடியின் இடைவெளிகளில் கடுகிலும் சிறிய தங்கமணிகள். எந்தக் காட்டிலும் இந்தக் கொடி முளைக்கவில்லை. ஆனால் கொடி படரும் முறை, பிரிந்து மீண்டும் சுருண்டு இடத்தை நிரப்பும் முறை, அதில் இருக்கிறது.

குமாரசுவாமியோடு எனக்குள்ள பிணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு எல்லாம் அழிந்தது, அதற்கு முன் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்ற ஏக்கம் அவரது எழுத்தில் கனமாகவே தொனிக்கிறது. மரபு என்பது மாறாத ஒன்று என்ற எண்ணத்தை அது வாசகனுக்குத் தருகிறது. ஆனால் கண்டிக் கோலங்களிலேயே 'அன்னாசி மல' என்று ஒன்று உண்டு. அன்னாசி இந்த மண்ணுக்குரியதல்ல. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் கீழைநாடுகளுக்கு வந்த செடி. எவனோ ஒரு பெயர் தெரியாத கைவினைஞன் தன் தோட்டத்துக்கு வந்த அந்தப் புதிய முள்ளுப் பழத்தைப் பார்த்திருக்கிறான். அதன் கண்களின் ஒழுங்கைப் பார்த்திருக்கிறான். தாமரையின் இலக்கணத்துக்குள் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறான். ஆகவே கற்ற கையும் பார்க்கத்தான் செய்தது. பார்த்ததைக் கையொப்பமிட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. லாலிக்கைத் தனிமனிதக் கைவேலையின் இலட்சிய உருவமாகப் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பதக்கம் வார்ப்போர் பயன்படுத்திய அளவு குறைக்கும் கடைசல் யந்திரத்தை அவர் நகைக்குப் பயன்படுத்தினார். பெரிய அளவில் வடித்த உருவை யந்திரம் சிறிதாக்கிக் கொடுக்கும். அவர் பட்டறையில் பலர் வேலை செய்தார்கள். பின்னாளில் அவர் நகையையே விட்டுவிட்டு, அச்சில் ஊற்றி ஆயிரக்கணக்கில் எடுக்கும் கண்ணாடிப் பொருள்களுக்குப் போனார். கை நல்லது, யந்திரம் கெட்டது என்ற சுலபமான கோட்டைக் கிழிக்க அவரே இடம் தரவில்லை. கோடு வேறெங்கோ இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே, நமது பக்கத்துக் கதையொன்று இருக்கிறது. இஸ்லாமியக் கலை இயற்கையைத் தவிர்த்துக் கணிதக் கோலத்துக்குள் ஒதுங்கியது என்று நம்மவர்களே மேடையில் பேசுகிறார்கள். முழு உண்மையல்ல. கொடிக்கோலம் எந்தக் குறிப்பிட்ட செடியையும் சுட்டாமல் முடிவின்றிப் படர்வது உண்மைதான். ஆனால் முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீரின் வசந்தத்தைப் பார்த்து வியந்து, தன் ஓவியர் மன்சூர் வரைந்த மலர்கள் நூறுக்கும் மேற்பட்டவை என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். கவனித்து வரைந்த அந்த மலர்கள் ஓவியத்தோடு நிற்கவில்லை. பளிங்கிலும் துணியிலும் நகையிலும் இறங்கின. முகலாய நகையின் முன்பக்கத்தில், சுத்தத் தங்கத் தகட்டை அழுத்திக் கற்களைப் பதித்திருப்பார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுதும் எனாமலில் செந்நிறப் பூவும் பச்சை இலையும் இருக்கும். ஊர் பார்ப்பது கல்லை. பூ, அணிந்தவளின் தோலைத் தொட்டுக்கொண்டு மறைந்திருக்கும். யாரும் பார்க்காத பக்கத்தில் இத்தனை வேலை ஏன் என்ற கேள்விக்கு எந்தக் கோட்பாடும் சரியான விடை சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்கு அது விளங்கும் என்று நம்புகிறேன்.

எமது தீவின் கதையும் கல்லின் கதையே. அரபிகள் இதை யாகூத் தீவு என்றார்கள். 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவர், இங்குள்ள பெண்கள் நிறநிறமான மாணிக்கங்களை மாலையாகவும் வளையலுக்கும் தண்டைக்கும் பதிலாகவும் அணிந்ததை எழுதினார். அன்றிலிருந்து பேருவளை, காலி, இரத்தினபுரி என்று கல்லை வாங்கவும் வெட்டவும் விற்கவும் எங்கள் சமூகத்துக்குத் தெரியும். கல்லின் நீர், நிறம், குறை எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றியிருக்கும் வேலையைப் பற்றி நாங்கள் எழுதியது என்ன? விலையை எழுதி வைத்தோம். வேலையை எழுதவில்லை.

தமிழ் இலக்கியமும் இதில் சுத்தமல்ல. நமக்குத் தெரிந்த மிகப் பிரபலமான பொற்கொல்லன் சிலப்பதிகாரத்தில் வருகிறான்; அவன் கள்வன். ஆனால் கதையை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். கண்ணகியின் சிலம்பும் அரசியின் சிலம்பும் வெளிவேலையில் வேறுபடுத்த முடியாத அளவுக்கு ஒத்திருக்கின்றன. உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று பார்த்தபிறகே நியாயம் வெளிவருகிறது. அப்படியானால் புகாரிலும் மதுரையிலும் இருந்த இரண்டு கைகள் ஒரே இலக்கணத்தைக் கற்றிருக்கின்றன. அந்த இரண்டு கைகளைப் பற்றிக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை. திருடியவனுக்குக் கிடைத்த இடம் செய்தவனுக்குக் கிடைக்கவில்லை.

மீண்டும் அந்தக் கண்காட்சிக்கு வருகிறேன். மூலையில் ஒரு வெள்ளி மோதிரம் இருந்தது. விலையும் குறைவு, அதற்குக் கூட்டமும் இல்லை. அதன் மேல் முழுதும் நெருக்கமான அலைவரிகள். மணலில் கடல் போட்டுவிட்டுப் போன வரிகள் போன்றவை. செய்த பிள்ளையிடம் கேட்டேன். கணவாய் ஓட்டில் வார்த்தது என்றாள். கரையோரத்தில் வளர்ந்த நமக்குக் கணவாய் ஓடு தெரியும். கரையில் ஒதுங்கும், கிளிக்கூட்டில் செருகுவோம். அதை இரண்டாகப் பிளந்து, முகத்தோடு முகம் தேய்த்து மட்டமாக்கி, உள்ளே வடிவத்தைக் குடைந்து, தூரிகையால் மெதுவாகத் துடைத்தால் மெதுவான பகுதி உதிர்ந்து வளர்ச்சி வரிகள் மேலெழும். இரண்டு பாதியையும் கட்டி உருக்கிய வெள்ளியை ஊற்றினால் அந்த வரிகள் உலோகத்தில் பதியும். வெள்ளி உருகுவது 960 பாகை செல்சியசுக்கு மேல். ஓடு கருகிவிடும். ஓர் ஓட்டுக்கு ஒரு மோதிரம்தான்.

இந்த மோதிரம் எனது வாதத்துக்குப் பெரிய உதவி செய்தது. அரசிலையைப் போல இதிலும் இயற்கையின் நேரடிப் பதிவு இருக்கிறது. ஆனால் இங்கே வரி எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு ஆழம் துடைக்க வேண்டும், எங்கே அராவி மழுங்கடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் தீர்மானம். விரலைச் சுற்றி வரி சற்றே சாய்ந்து ஓடியது. கல்லும் இல்லை, பூவும் இல்லை. ஆனால் கடல் இருந்தது. யந்திரமா கையா என்பதில் கோடு இல்லை. பொருள் ஒன்று சொல்ல வரும்போது செய்கிறவர் அதற்குச் செவிகொடுத்துப் பதில் சொன்னாரா என்பதில்தான் கோடு இருக்கிறது. லாலிக் தும்பிக்குப் பதில் சொன்னார். பெயரில்லாத கண்டிக் கைவினைஞன் அன்னாசிக்குப் பதில் சொன்னான். இந்தப் பிள்ளை கணவாய் ஓட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். அரசிலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இனி என் வீட்டுக் கதை. யாழ்ப்பாணத்தில் என் உம்மாவிடம் முல்லை மொட்டு மாலை ஒன்று இருந்தது. 5 பவுண். கன்னாதிட்டிப் பக்கத்துப் பத்தர் ஒருவர் செய்து கொடுத்தது. வாப்பா வீட்டுக்கு அவர் வந்துபோனது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது, உம்மா அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வழியில் அது கழற்றப்பட்டது. தோடும் கழற்றப்பட்டது. கருகமணி மட்டும் மிஞ்சியது. இதைப் பற்றி எங்கள் எழுத்தாளர்கள் கதையாகவும் கவிதையாகவும் எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அதன் பின்னர் நடந்தது.

பல ஆண்டுகள் கழித்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், புத்தளத்தில் ஒரு நகை வேலைக்காரரிடம் போய் அதே மாலையைச் செய்யக் கேட்டேன். நல்ல மனிதர். கட்டலொக் ஒன்றை விரித்தார். மொட்டு மாலை என்று பத்துப் பன்னிரண்டு படங்கள். எல்லாமே மெழுகில் வார்த்து ரப்பர் அச்சில் எடுப்பவை. "இதில எது?" என்றார். எதுவுமில்லை என்றேன். "அப்ப எப்படி இருந்திச்சு, சொல்லுங்க" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. மொட்டு கூராக முடிந்ததா, மழுங்கியா? காம்பில் வரி இருந்ததா? ஒரு மொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மணியா வளையமா? ஒவ்வொரு பெருநாளும் அந்த மாலையைப் பார்த்தவன் நான். உம்மாவின் மடியில் கிடந்து அதை வாயில் வைத்துக் கடித்தவன். பிறர் எழுத்தில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிற விமர்சகனுக்குத் தன் உம்மாவின் கழுத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

அன்று வெறுங்கையோடு திரும்பினேன். பறித்தவர்கள் தங்கத்தைப் பறித்தார்கள். வடிவத்தைப் பறித்தது யார்? அதை நானேதான் தொலைத்தேன். கவனிக்காமல் விட்டதால் தொலைத்தேன். இந்த எண்ணம்தான் பல ஆண்டுகள் உள்ளே கிடந்து, கண்காட்சியில் அந்த மோதிரத்தைப் பார்த்ததும் மேலே வந்தது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். இப்போது 82 வயது. இத்தனை காலம் நான் அவரிடம் கேட்கவேயில்லை என்பது எவ்வளவு பெரிய மடமை.

உம்மா யோசிக்கவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு மொட்டின் அளவு காட்டினார். "மகன், மொட்டு நேரா நிக்கயில்ல. கழுத்துக் கொஞ்சம் சரிஞ்சிருந்திச்சு. பத்தர் நம்மட கிணத்தடி முல்லையில ஒரு மொட்டுப் பறிச்சுக் கொண்டு போனவர். அது சரிஞ்ச மொட்டு. அதால எல்லா மொட்டும் சரிஞ்சுதான் செஞ்சு தந்தவர். உங்கட வாப்பா முதல்ல கோபப்பட்டாரு, கோணலா இருக்கெண்டு. நான்தான் வேணுமெண்டு வாங்கிப் போட்டேன்."

இதைக் கேட்டபின் எனது இரண்டு விடைகளும் ஒன்றாகிவிட்டன. முல்லை மொட்டு மாலை என்பது மரபு. பத்தரின் தகப்பனும் செய்திருப்பார், பாட்டனும் செய்திருப்பார். அவர் கற்ற கை. ஆனால் எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்று, ஒரு குறிப்பிட்ட மொட்டைப் பறித்து, அதன் கழுத்துச் சரிவை அவர் பார்த்திருக்கிறார். கற்ற இலக்கணத்துக்குள் பார்த்ததை வைத்திருக்கிறார். லாலிக்கின் பெயர் லிஸ்பனில் கண்ணாடிக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பத்தரின் பெயர் உம்மாவுக்கும் நினைவில்லை. அவர் இந்து, நாங்கள் முஸ்லிம்; அந்த மொட்டு எங்கள் வளவுக்குரியது, அந்தக் கை அவருடையது. வடக்கின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நமது கதையும் உலோகம் பூசிய இலையாகிவிடும்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து நகைகளின் பெயர்களைக் கேளுங்கள். அட்டியல், பதக்கம், சிமிக்கி, காப்பு என்று பெயரோடு நிற்க வேண்டாம். அதில் என்ன பூ, இதழ் எத்தனை, மொட்டு எந்தப் பக்கம் பார்த்தது, செய்தவர் யார், எந்தத் தெரு என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். முடிந்தால் வரைந்து வையுங்கள். மினுக்கமான கட்டுரை தேவையில்லை. ஒரு கொப்பித் தாள் போதும்.

நான் வரைந்ததை உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்டநேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சரியணும்" என்றார்.